நிலம் அதிர்ந்தால் முதல் குலுக்கலை விடாதீங்க

2024 செப்டம்பரில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நிலம் லேசாக அதிர்ந்ததாகப் பலரும் சொன்னார்கள். நம்ம விக்கிரமசிங்கபுரம் பக்கம் கெட்டிப் பாறைதானே, அதிருமா என்று கேட்பீர்கள். கெட்டிப் பாறையிலும் ஆழத்தில் பழைய பிளவுகள் உண்டு. இரு பக்கப் பாறையும் நெருக்கிக்கொண்டே இருந்து, தாங்கமுடியாதபோது சட்டென்று நழுவும். கோயம்புத்தூரில் 1900 பிப்ரவரி 8-ல் ரிக்டர் 6 அளவுக்கு அதிர்ந்ததே!

குளத்தில் கல் விழுந்ததுபோல் அதிர்ச்சி அலையாகப் பரவும். முதல் அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும், லேசாகக் குலுக்கும். அடுத்தது சுமார் மூன்றரை கிலோமீட்டர்தான்; ஆனால் சுவரையே உலுக்கும். 80 கிலோமீட்டர் தள்ளி நிலம் நழுவினால் இடையில் சுமார் 10 வினாடி கிடைக்கும்; பக்கத்திலேயே என்றால் அதுவும் இராது.

ஆகவே, வாசல் பக்கம் இருந்தால் முதல் குலுக்கலிலேயே ஓட்டு வீட்டைவிட்டு வெட்டவெளிக்கு வந்துவிடுங்கள். முடியாவிட்டால் உறுதியான கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளுங்கள். சுவர், மின்கம்பம் பக்கம் நிற்கவேண்டாம்.