501-வது யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். முதல் 100 யூனிட் இரண்டு வீட்டுக்கும் இலவசம்தான். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரை இருந்த 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை விலை பறிபோய், அந்த நூறு யூனிட்டும் 4 ரூபாய் 50 காசு கணக்கில் ஏறிவிடும். 501-வது யூனிட்டுக்கான 8 ரூபாய் தனி. விகிதங்கள் அதன்பின் உயர்ந்துவிட்டன என்றாலும், பில்லைப் பார்த்தபின் யாரும் எதையும் குறைக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். நாளுக்கு எட்டு யூனிட்டைச் சற்றே தாண்டினாலும் அறுபது நாளில் 500 வந்துவிடும். முப்பதாம் நாள் மீட்டரைப் பார்த்து, 270 ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டவருக்கு இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. அதனால்தான் மீட்டரைப் படிப்பது ரீடிங் எடுக்க வருபவரின் வேலை மட்டுமல்ல, வீட்டுக்காரரின் வேலையும்கூட என்கிறேன்.

படிப்பது கடினமில்லை. திரையில் எண்கள் மாறி மாறி வரும். வோல்டேஜ், ஆம்பியர், அதிகபட்ச லோடு எல்லாம் அதில் உண்டு. 'கேடபிள்யூஎச்' என்ற எழுத்தோடு வருவதுதான் யூனிட். போன பில்லில் உள்ள ரீடிங்கை அதிலிருந்து கழித்தால் இதுவரை ஓடியது தெரியும். இதைவிடப் பயனுள்ளது, பக்கத்தில் மினுக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 3200 என்றால், ஒரு நிமிடத்தில் விழும் மினுக்கல்களை எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். வேறு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் பழைய மின்விசிறியை மட்டும் ஓடவிட்டால், இரண்டு நிமிடத்தில் எட்டு மினுக்கல். 28 வாட் பிஎல்டிசி விசிறிக்கு அதே நேரத்தில் மூன்றுதான். 1,500 வாட் இழுக்கும் ஏசிக்கு நிமிடத்துக்கே எண்பது. எந்தச் சாதனம் பில்லை ஏற்றுகிறது என்ற வீட்டுச் சண்டைக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

"மீட்டரே வேகமாக ஓடுகிறது, அதைப் பார்த்து என்ன பயன்?" என்பார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவும் மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி விடாமல் சூடேறும் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 53 மினுக்கல் வர வேண்டும். வோல்டேஜைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். எண்பது தொண்ணூறு என்று வந்தால் எழுத்து மூலம் புகார் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். முத்திரையிட்ட மீட்டரை நாமே திறப்பது மட்டும் கூடவே கூடாது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் இதெல்லாம் தேவையில்லை என்பது இன்னொரு வாதம். அது ஓடிய யூனிட்டைத் தானாகவே அனுப்பும். ஆனால் வீட்டின் மொத்தத்தைத்தான் சொல்லும். ஏசியா, கீசரா என்று பிரித்தறிய அப்போதும் ஒவ்வொன்றாக அணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே யூனிட்டில் பில் இப்படித் தாவி ஏறும் கட்டண முறையே அநியாயம், சுமையை ஏன் மக்கள் தலையில் வைக்கிறீர்கள் என்ற கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. அதை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் கேட்க வேண்டும். ஆனால் அங்கே பேசவும் கையில் கணக்கு வேண்டுமே! கணக்கெடுப்பு நான்கு நாள் தள்ளிப்போய், அதனாலேயே 500-ஐத் தாண்டிவிட்டது என்று ஒருவர் முறையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுபதாம் நாள் மீட்டர் என்ன காட்டியது என்று அதிகாரி கேட்பார். அன்று தேதியோடு எடுத்த ஒரு கைப்பேசிப் படம் இருந்தால் பதில் சொல்லிவிடலாம்.