1729 போடும் வேஷம்: பெரிய பகா எண்ணை எப்படி நம்புவது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரிடம் வீடு கேட்டாலும் முதலில் வருவது பிளாக் நம்பர்தான். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கலாம்: 7, 13, 19. மூன்றும் பகா எண்கள். பெருக்கினால் 1729. ஆமாம், ராமானுஜன் பேரோடு சேர்த்துச் சொல்ற அதே எண்தான். அதுக்கு இன்னொரு குணமும் இருக்கு: பகா எண் மாதிரி வேஷம் போடும்.

17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன விதி இது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கோங்க. அதால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. உதாரணம் 7: 2இன் 6ஆம் அடுக்கு 64, 7ஆல் வகுத்தால் மீதி 1.

விதி சரி. ஆனா திருப்பிப் போட்டா செல்லாது. 7, 13, 19 ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18. இந்த மூன்றாலும் 1728 மீதியில்லாமல் வகுபடும். அதனால் 7, 13, 19 எதாலும் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1729 பாஸாகிவிடும். இப்படிப்பட்டவை கார்மைக்கேல் எண்கள். அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994இல் நிரூபித்தார்கள்.

இது வெறும் வேடிக்கை இல்லை. இணையத்தில் தகவலைப் பூட்டி வைக்கும் ஆர்எஸ்ஏ முறை, நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள பகா எண்களை நம்பியிருக்கு. அங்கே ஒரு பகு எண் வேஷத்தில் நுழைஞ்சா பூட்டே பலவீனம்.

2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டுபிடித்த எண்ணைப் பாருங்க. 2ஐ 13,62,79,841ஆம் அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்தால் வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். ஃபெர்மா சோதனையில் முதலில் தேறியது. அப்போ அதற்குப் பேர் ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்பதுதான். லூக்கா-லெமர் சோதனையும் முடிந்த பிறகுதான் பகா எண் என்று அறிவித்தார்கள்.

2இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கான அந்தச் சோதனையை 31இல் செய்து பார்ப்போம். 31 என்பது 2இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, 31ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கணும்: 14, அடுத்து 8, அடுத்து 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள், அதாவது மூன்றாவது படியில் 0 வந்தால் நிச்சயம் பகா எண். வராவிட்டால் நிச்சயம் இல்லை. இதில் வேஷம் செல்லாது.

எந்த எண்ணுக்கும் பொருந்தும், சந்தேகத்துக்கு இடமில்லாத, கொள்கை அளவில் வேகமான முறை நம்ம நாட்டிலிருந்தே வந்தது. 2002இல் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள்.

அடுத்த எபிசோடுக்குள்ள 127ஐ நீங்களே போட்டுப் பாருங்க. 2இன் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, ஐந்தே படி. கடைசியில் 0 வரணும்.