மூளையும் துத்தநாகமும்

பித்தளைப் பாத்திரத்திலும் கூரைத் தகட்டின் பூச்சிலும் நாம் நாள்தோறும் காணும் துத்தநாகம் நம் மூளைக்குள்ளும் உறைகின்றது. வளர்ந்த மனிதனின் உடல் முழுவதிலும் இவ்வுலோகம் இரண்டு அல்லது மூன்று கிராமுக்கு மேல் இராது. ஆயினும் இது குறைந்தால் நேரும் கேடு சிறிதன்று. அதனை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஆவார். ஈரான் நாட்டின் ஷீராஸ் பகுதியில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களை ஆராய்ந்து, 1961-இல் அவரும் துணைவர்களும் துத்தநாகக் குறைவே காரணமாகலாம் எனக் கருதினர். 1963-இல் வெளியான எகிப்து ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. அந்நோயாளிகளிடம் மனமந்தமும் காணப்பட்டது.

மூளையில் இது எங்கே உள்ளது? 1958-இல் டிம் என்பவர் சல்பைடையும் வெள்ளியையும் கொண்டு உலோகத்தைக் கறுப்பாகக் காட்டும் முறையை வகுத்தார். நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி அம்முறையில் மிகக் கருத்துத் தோன்றிற்று. (கடற்குதிரையைப் போன்ற வடிவினால் அதற்கு அப்பெயர்.) அங்கு நரம்பிழைகளின் முனைகளிலுள்ள நுண்பைகளில் துத்தநாகம் சேமிக்கப்படுகின்றது. நரம்பு தூண்டப்படும்போது அது வெளிப்பட்டு, அடுத்த நரம்பணுவுக்குச் செல்லும் செய்தியை மட்டுப்படுத்துகின்றது.

இனி, சக்தியைப் பற்றிக் காண்போம். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமேயான மூளை, ஓய்வின்போதும் உடல் செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தை உண்கின்றது. அதனைப் பெரும்பாலும் ஈட்டித் தருபவை நரம்பணுக்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள். அணையில் தேங்கிய நீர் கீழே பாய்ந்து சுழலியைச் சுற்றுவது போல, அவற்றின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் மீண்டும் உட்புகும்போது ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் உண்டாகின்றது. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சினால் இவ்வேற்பாடு பல இடங்களில் முடங்குகின்றது. எலெக்ட்ரான்கள் கைமாறிச் செல்லும் தொடரின் மூன்றாம் கூட்டு நொதி தடைப்படுகின்றது. ஆல்பா-கீட்டோகுளூட்டரேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதியும் தளர்கின்றது. சர்க்கரையைச் சிதைக்கும் முதற்கட்ட வினைக்கு வேண்டிய என்.ஏ.டி. என்னும் துணைப்பொருளும் குறைகின்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்பணுக்களுக்குப் பைருவேட் ஊட்டியபோது அவை இந்நஞ்சினின்று பெரிதும் பிழைத்தன.

இது ஆய்வுக்கூட விந்தையாக மட்டும் நிற்கவில்லை. அமெரிக்காவில் டென்னிஸ் சாய் குழுவினர் எலிகளின் மூளைக்குச் செல்லும் குருதியைச் சிறிது நேரம் தடுத்து, மடியும் நரம்பணுக்களில் துத்தநாகம் குவிவதை 1996-இல் காட்டினர். அவ்வுலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மருந்தை முன்னதாக மூளைக்குள் செலுத்தியபோது மடிந்தவை குறைந்தன. பக்கவாதத்தில் நிகழ்வதை அறிய இது ஒரு வாயிலாயிற்று.

இதைக் கேட்டுத் துத்தநாகத்தை வெறுப்பதும், முன்னதைக் கேட்டு மாத்திரைகளை அள்ளி உண்பதும் ஒருங்கே தவறாம். மருத்துவர் கூறாமல் நெடுநாள் மிகுதியாக உண்போருக்குச் செம்புச் சத்துக் குன்றி, இரத்தச் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரக்கூடும்.

குவியும் துத்தநாகம் முழுவதும் நுண்பைகளினின்றே வருகின்றது என முதலில் எண்ணினர். பைகளில் அதனை ஏற்றும் புரதம் அற்ற எலிகளை வலிப்புக்கு உள்ளாக்கியபோது, அவற்றின் மடியும் நரம்பணுக்களிலும் துத்தநாகம் குவிந்ததை 2000-இல் கண்டனர். அணுவினுள் புரதங்கள் இறுகப் பற்றியிருந்த உலோகமே நெருக்கடியில் பிடி தளர்ந்து வெளிப்படுகின்றது என்பது அதனால் புலனாயிற்று.