யந்திரப் பராமரிப்பும் கிராம இளைஞர் தொழிற்பயிற்சியும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியாகத் தென்காசிச் சீமைக்குள் புகுகின்றது. குற்றாலத்தில் சாரலைப் பொழிவித்து அருவிகளைப் பெருகச் செய்யும் அதே காற்று, மலையைக் கடந்து கிழக்கே சென்று, சுரண்டை, ஆலங்குளம் முதலிய பக்கங்களில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகின்றது. ஒரு காற்றாலையின் வருஷ வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களிலேயே கிடைத்தாக வேண்டும். ஆடியில் பத்து நாள் நின்றுவிட்ட காற்றாலைக்கு அந்தக் காற்று கார்த்திகையில் திரும்பி வராது. ஆகையால் அவற்றைக் கவனிக்கும் தொழிலாளர், காற்று மந்தமாயிருக்கும் மாதங்களிலேயே உயரக் கோபுரத்தில் ஏறி, பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சோதித்து, மரையாணிகளை முடுக்கி, பிரேக்கையும் மின்கம்பி இணைப்புகளையும் பார்த்துவிடுகின்றனர்.

இந்த முறை காற்றாலைக்கு மாத்திரம் உரியதன்று. பிசான அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நாளில் ஆலையின் மோட்டார் எரிந்துபோனாலும், நடவுக்கு உழவேண்டிய வாரத்தில் சங்கத்து டிராக்டர் கிளம்பாமல் நின்றாலும், நஷ்டம் அவ்வண்ணமே நேருகின்றது. இப்பொழுது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, கடன் கொடுப்பதோடு நில்லாமல், விவசாய யந்திரங்களை வாங்கி அங்கத்தினருக்கு வாடகைக்கு விட்டு வருகின்றன. யந்திரம் வாங்கக் கடனும் மானியமும் கிடைக்கின்றன. அதைப் பேணத் தெரிந்த ஆள் எங்கிருந்து கிடைப்பான் என்பதைச் சங்கங்கள் முன்னதாகவே யோசித்தல் வேண்டும்.

மராமத்தின் வகைகள்

யந்திரம் கெட்டபின் சீர்செய்வது ஒரு வகை. கெடுமுன் காத்துக்கொள்வது மற்றொரு வகை. குறித்த நாளில் எண்ணெயிட்டு, தேய்ந்த உறுப்பை மாற்றிவிடுவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதிலும் நுட்பமான முறை ஒன்று உண்டு. யந்திரத்தின் சூடு, அதிர்வு, ஓசை ஆகியவற்றை அளந்து, எந்த உறுப்பு நோயுறுகின்றது என்று முன்கூட்டியே அறிவதே அது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஆலையில் அச்சைத் தாங்கும் பேரிங்கில் கிரீஸ் வற்றிவிடுகின்றது. உராய்வு மிகுந்து பேரிங் சூடேறுகின்றது. உள்ளிருக்கும் குண்டுகள் தேய்ந்து அச்சு ஆடுகின்றது. பெல்ட் ஒருபுறமாக ஓடுகின்றது. மோட்டார் அதிகச் சுமையை இழுத்து மிகையான மின்சாரத்தை வாங்குகின்றது. முடிவில் அதன் கம்பிச் சுருள் எரிகின்றது. ஒரு கை கிரீஸினால் தீர்ந்திருக்க வேண்டிய காரியம், மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றும் செலவாகவும், வேலையற்ற நாட்களாகவும் முடிகின்றது. கிரீஸை அளவுக்கு மிஞ்சித் திணித்தாலோ, அதுவும் பேரிங்கைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். எவ்வளவு, எப்பொழுது, எவ்வகைக் கிரீஸ் என்பதை அறிவதற்கே பயிற்சி வேண்டியிருக்கின்றது.

மற்றோர் உதாரணம். மூன்று பேஸ் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பேஸ் அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. உறுமிக்கொண்டு சூடேறி, சற்று நேரத்தில் எரிந்துவிடும். இதைத் தடுக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கின்றது. அது பொருத்தப்பட்டிருக்கின்றதா, சரியாக வேலை செய்கின்றதா என்று பார்க்க ஒருவன் வேண்டும்.

யந்திரத்தை ஓட்டுகிறவனே தினமும் அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, தளர்ந்த ஆணிகளை முடுக்கி, புதிய ஓசை கேட்டால் குறித்துவைக்க வேண்டும் என்னும் ஒழுங்கை ஜப்பான் தேசத்துத் தொழிற்சாலைகள் 1970-ம் வருஷத்தை ஒட்டிய காலத்திலிருந்து பெரிதும் பரவச் செய்தன. துடைக்கிற கைக்கே விரிசலும் கசிவும் முதலில் தென்படும் என்பது இதன் கருத்து. வண்டிமாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போதே அதன் புண்ணைக் கண்டுகொள்ளும் நமது குடியானவருக்கு இது புதிய உபதேசம் ஆகாது.

உயிர்ச் சேதம்

பயிற்சியின்மையால் வரும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. ஓடும் பெல்ட்டில் துண்டோ சேலைத் தலைப்போ சிக்கிக் கையிழந்தோரும், மின்சாரம் நின்றிருப்பதாக எண்ணிக் கம்பியைத் தொட்டு மாண்டோரும் உண்டு. பயின்ற தொழிலாளி யந்திரத்தில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வான். பின்பு சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லையென்று நிச்சயித்துக்கொள்வான். சாவி அவன் பையில் இருக்கும்வரை வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட இயலாது. இந்த ஒரு பழக்கமே ஒரு குடும்பத்தை அநாதையாகாமல் காக்கும்.

பயிற்சிக்குரிய வழிகள்

இவ்வட்டாரத்தில் யந்திரத் தொழில் நெடுநாளாக உண்டு. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ம் வருஷத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்நாளில் தொழிலை மேஸ்திரியின் பக்கத்தில் நின்று, பார்த்துப் பழகியவர்களே பலர். அவ்வழி இன்றும் மதிக்கத்தக்கதே. ஆயினும் மேஸ்திரிக்குத் தெரிந்த மட்டுமே சீடனுக்கு வரும். காரணம் விளங்காமல் கை மாத்திரம் பழகும்.

இக்குறையைத் தீர்க்க இந்திய சர்க்கார் 1950-ம் வருஷத்தில் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தினர். தொழிற்பயிற்சி நிலையங்களின் நிர்வாகம் 1956-ல் மாகாண சர்க்கார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பழகுநர்களை ஏற்றுப் பயிற்றுவிக்க 1961-ம் வருஷத்தில் தனிச் சட்டம் பிறந்தது. ஐ.டி.ஐ. என்று யாவரும் சொல்லும் இந்நிலையங்கள் திருநெல்வேலிப் பேட்டையிலும் தென்காசியிலும் அரசினரால் நடத்தப்படுகின்றன.

பராமரிப்பு வேலைக்கு உகந்த பிரிவுகளில் பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியவை முக்கியமானவை. இவ்விரண்டிற்கும் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பயிற்சி இரண்டு வருஷம். எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் ஒயர்மேன் பிரிவில் இரண்டு வருஷமோ, வெல்டர் பிரிவில் ஒரு வருஷமோ பயிலலாம். பதினான்கு வயது நிரம்பியிருத்தல் அவசியம். அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பயிலுவோருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை முதலியனவும் அளிக்கப்படுகின்றன. பெண்களும் இப்பிரிவுகளில் சேரலாம்.

தமிழ்நாட்டில் அரசினர் நிலையங்கள் 71, ஒரு தனியார் நிறுவனத்தின் கூட்டுறவோடு நவீன யந்திரங்கள் கொண்டவையாகப் புதுப்பிக்கப்பட்டன. இவற்றின் தொடக்க விழா 2023-ம் வருஷத்தில் நடைபெற்றது. கூட்டுறவு இயக்கமும் இத்துறையில் பின்தங்கவில்லை. தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியம் பர்கூரிலும் பட்டுக்கோட்டையிலும் கூட்டுறவுத் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்தி வருகின்றது.

நிலையத்தில் தேறியவனுக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கின்றது. அவன் மைக்ரோமீட்டரைக் கொண்டு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை அளப்பான். யந்திரத்தின் வரைபடத்தைப் படிப்பான். ஆயினும் சான்றிதழ் பெற்ற மறுநாளே ஓர் ஆலையைத் தனித்துக் காக்கும் திறமை வந்துவிடாது. ஒரு வருஷமேனும் தொழிற்சாலையில் பழகுநராக இருந்து, கெட்டுப்போன யந்திரங்களைப் பார்த்துப் பழக வேண்டும். மேலே படிக்க விரும்புவோர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழி இருக்கின்றது.

பட்டம் பெற்றால்தான் மதிப்பு, எண்ணெய்க் கறை பட்டால் கௌரவக் குறைவு என்று எண்ணும் பெற்றோர் நமது கிராமங்களில் அநேகர். நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்து, அவன் வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருக்க, பம்புசெட்டுக்குப் பக்கத்து ஊர் மெக்கானிக்கை இரண்டு நாள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பமும் உண்டு. இவ்விரு குறைகளும் ஒரே மருந்தினால் தீரக்கூடியவை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. யந்திரம் வாங்கத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே, அதைப் பராமரிப்பவர் யார் என்பதையும் தீர்மானித்தல் வேண்டும்.

2. ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், மாற்றிய உறுப்பு, செலவு ஆகியவற்றை எழுதிவர வேண்டும். எழுதாத கடன் மறந்துபோவதுபோல் எழுதாத மராமத்தும் மறந்துபோகும்.

3. வாடகை வரும்படியில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, வேறு செலவுக்கு எடுக்காதிருத்தல் நலம்.

4. உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, தொழிற்பயிற்சி நிலையங்களின் சேர்க்கை அறிவிப்பைச் சங்கச் செயலாளர் தெரிவிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிடலாகாது.

5. தனித்து ஒரு தொழிலாளியை வைத்துக்கொள்ள இயலாத சிறு சங்கங்கள், அண்டைச் சங்கங்கள் இரண்டொன்றோடு சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

ஐந்தாவது யோசனையே கூட்டுறவின் தத்துவத்திற்கு மிகவும் இசைந்தது. ஒரு கிராமம் தாங்கமாட்டாத சம்பளத்தை மூன்று கிராமங்கள் எளிதில் தாங்கும். அப்படி அமர்ந்தவர் அவ்வூர்களிலேயே பிறந்து பயின்று வந்தவராயின், ஆலை நின்ற இரவில் கதவைத் தட்டி அழைக்கக்கூடிய தூரத்தில் இருப்பார். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர் இதுபற்றி ஒரு தீர்மானம் கொண்டுவருவார்களாக.