பக் டிராக்கர் ஏன் திணறுகிறது?

மென்பொருளில் கண்ட பிழையைப் பதியும் பக் டிராக்கர் மெதுவானால், பிழைகள் குறையாது, பதிவுகள்தான் குறையும். பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறதென்றால், சோதிப்பவர் பக்கத்து இருக்கையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து அதே பிழை வாடிக்கையாளரிடமிருந்து வரும். அதனால் இதை வெறும் எரிச்சலாக எண்ணி ஒதுக்கக் கூடாது.

பக்ஸில்லாவை எடுத்துக்கொள்வோம். மொசில்லா திட்டத்துக்காக 1998இல் டெரி வைஸ்மன் எழுதிய இந்த டிராக்கரை இன்றும் பல நிறுவனங்கள் நம்பியிருக்கின்றன. மொசில்லாவின் சொந்தப் பதிவேட்டிலேயே பிழை எண் 2014இல் பத்து லட்சத்தைத் தாண்டியது.

பழைய பக்ஸில்லாக்களைப் படுத்தியது பூட்டுச் சிக்கல். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அன்று வழக்கமாக இருந்த மைஐசாம் வகை அட்டவணையில், யாராவது எழுத வேண்டுமென்றால் அட்டவணை முழுவதையும் பூட்ட வேண்டும். ஒருவர் கனமான தேடல் ஒன்றை ஓட்டுகிறார். இன்னொருவர் ஒரு குறிப்பைச் சேமிக்கிறார். தேடல் முடியும்வரை அந்தச் சேமிப்பு காத்திருக்கிறது. எழுதுவதற்கு முன்னுரிமை உண்டு என்பதால், அதன்பின் வரும் வாசிப்புகள் எல்லாம் அதற்குப் பின்னால் நிற்கின்றன. ஒரே தேடலில் மொத்தத் தளமும் உறைகிறது. சர்வரைப் பார்த்தால் அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அதைப் பார்க்காமல்தான் பலர் ஏமாந்து புதிய சர்வர் வாங்குகிறார்கள். அட்டவணையின் தேவையான வரிகளை மட்டும் பூட்டும் இன்னோடிபி வகை வந்தபின் இந்தத் தொல்லை பெரிதும் தணிந்தது.

தேடலை நிழல் தரவுத்தளம் எனப்படும் நகல் ஒன்றுக்குத் திருப்பும் வசதியும் பக்ஸில்லாவில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நகல் பின்தங்கினால், இப்போது பதிந்த பிழை தேடலில் வராது. அடுத்தவர் அதையே மறுபடி பதிவார்.

தேடல் கனமாவது ஏன்? அகராதியில் ‘க’வில் தொடங்கும் சொற்களை உடனே எடுத்துவிடலாம், நடுவில் ‘ரு’ வரும் சொற்கள் வேண்டுமென்றால் முழு அகராதியையும் புரட்ட வேண்டும். சொல்லின் நடுப்பகுதியைத் தேடும்போது தரவுத்தளமும் அப்படித்தான் இண்டெக்ஸ் இருந்தும் பயனின்றி எல்லாவற்றையும் படிக்கிறது.

மின்னஞ்சலும் ஒரு காரணம். முன்பு ஒரு மாற்றத்தைச் சேமித்தால், சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அஞ்சல் போய்முடியும்வரை பக்கம் காத்திருந்தது. 2009இல் வந்த 3.4 பதிப்பு அந்த வேலையைப் பின்னணி வரிசைக்கு மாற்றும் வசதியைத் தந்தது. ஆனால் அந்தப் பின்னணி நிரல் நின்றுபோனால் தளம் வேகமாகவே இயங்கும், அஞ்சல் மட்டும் யாருக்கும் போகாது. என் கணக்கில் மெதுவாக ஓடுவதைவிட இது ஆபத்து, அதனால் அதற்குக் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

உங்கள் டிராக்கரும் திணறுகிறதா? ரேம் வாங்கப் பணம் கேட்கும் முன், தாமதமான வினவல்களைக் குறித்துவைக்கும் பதிவை ஒரு வாரம் இயக்கிப் பாருங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் ஓரிரு தேடல்களை முதலில் சரிசெய்யுங்கள்.