மேசைக்குக் கீழே போகும் தூள்

ரூட்டரைத் தலைகீழாக மாட்டி, வீட்டிலேயே மேசை செய்துவிட்டீர்கள். ப்ளைவுட் பலகையின் நடுவே பிட் நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் ஃபென்ஸ் நேராக நிற்கிறது. ஒரு சட்டத்தின் ஓரத்தை ஓட்டிப் பார்த்ததும் மேசை, தரை, சட்டைப் பை எங்கும் தூள். உடனே எல்லோரும் கேட்பது, எத்தனை வாட் வேக்கம் க்ளீனர் வாங்கலாம் என்றுதான். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அதைப் பிறகு பார்ப்போம். தூள் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஓரம் சீவும்போது பிட் தூளைப் பின்னால், ஃபென்ஸின் நடு இடைவெளிக்குள் வீசுகிறது. அங்கே ஒரு பெட்டி கட்டி ஹோஸைச் செருகினால் பெரும்பகுதி சிக்கிவிடும். காடி வெட்டும்போது கதை வேறு. பிட் மரத்துக்குள் புதைந்திருப்பதால் ஃபென்ஸில் இருக்கும் ஹோஸுக்கு எட்டாது. தூள் காடி வழியாகவும், பிட்டைச் சுற்றிய ஓட்டை வழியாகக் கீழேயும் போகும். கீழே தொங்குவது உங்கள் ரூட்டர். பேரிங்குக்கும் சுவிட்சுக்கும் நைசான தூளைவிடப் பெரிய பகை கிடையாது. ஆகவே இரண்டு இடத்திலும் இழுக்க வேண்டும்: மேலே ஃபென்ஸ், கீழே ரூட்டரைச் சுற்றி ஒரு பெட்டி.

பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதை இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். ஒரே ஓட்டை போட்ட எண்ணெய் டின்னைக் கவிழ்த்தால் குபுக் குபுக்கென்று திணறும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராகக் கொட்டும். பெட்டியும் அப்படித்தான். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய மோட்டாரும் வெறுமனே அலறும், தூள் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

எவ்வளவு வழி விடுவது? கணக்குப் போடலாம். 63 மி.மீ. ஹோஸின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 31 சதுர செ.மீ. மேசையில் 40 மி.மீ. ஓட்டை, அதில் 12 மி.மீ. பிட் என்றால் மிஞ்சும் வளையம் சுமார் 11 சதுர செ.மீ. பாக்கி 20-ஐப் பெட்டிக் கதவில் விட வேண்டும், 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு துளை போதும். ஃபென்ஸையும் அதே ஹோஸில் கோத்தால் சற்றே குறைக்கலாம். துளை இருக்க வேண்டிய இடம் முக்கியம். பெரும்பாலான ரூட்டர்களில் விசிறி, மோட்டாரின் தலைப்பக்கம் காற்றை எடுத்து பிட் பக்கம் ஊதும். தலைகீழாகத் தொங்கும்போது அந்தத் தலை கீழே இருக்கும். துளையையும் அந்த உயரத்தில் போட்டால் சுத்தமான காற்று மோட்டாருக்கு முதலில் கிடைக்கும், சூடும் ஏறாது. தூள் வெளியேறும் வாயை எதிர்ப்பக்கம் அடியில் வையுங்கள். அதை நோக்கி ஒரு பலகையைச் சாய்வாகப் போட்டால் மூலையில் தூள் தேங்காது.

இப்போது அந்த வாட் கேள்வி. வேக்கம் க்ளீனர் குறுகிய ஹோஸில் வேகமாக இழுக்கும். மரப்பட்டறை டஸ்ட் கலெக்டர் 100 மி.மீ. குழாயில் நிறையக் காற்றை நகர்த்தும். 100 மி.மீ. வாய், 63-ஐவிட இரண்டரை மடங்கு பெரியது. வீட்டுக்கு வேக்கம் போதும், ஆனால் ஹோஸைக் குறுக்காதீர்கள், நீட்டாதீர்கள், ரெட்யூசர்களை அடுக்காதீர்கள். நடுவில் ஒரு சைக்ளோன் வாளி வைத்தால் சீவல் அதில் விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. வாளி மூடி ஊசிமுனையளவும் கசியக் கூடாது. 1,600 வாட் ரூட்டரும் 1,200 வாட் வேக்கமும் சேர்ந்தால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டையும் செருக வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெடுவது சுத்தத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் ஹை விக்கம் நாற்காலிக்குப் பெயர்போன ஊர். அங்கே மரவேலை செய்தவர்களிடம் மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக வருவதை எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1968-இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1995-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த நாற்காலித் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் அதைச் சுவாசித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரம் தொடுகிறவருக்கு அதே அளவு ஆபத்து இல்லை. ஆனால் உங்கள் பட்டறை வீட்டோடு ஒட்டியது, அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது.

கண்ணுக்குத் தெரியும் சீவல் மூக்கிலேயே நின்றுவிடும். 10 மைக்ரானுக்கும் சிறியது நுரையீரல்வரை போகும், மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சாதாரண துணிப்பை அதை அப்படியே அறைக்குத் திருப்பி ஊதிவிடும். எனவே வாங்கும்போது வாட்டைப் பார்க்கும் முன் ஃபில்டரைக் கேளுங்கள். ஹெப்பா இருந்தால் அதையே எடுங்கள். எம்.டி.எஃப். அறுத்தால் எந்த ஏற்பாடு இருந்தாலும் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் மாவுபோல நைசானது, பசையும் கலந்தது. ஈட்டி, தேக்கு போன்றவை சிலருக்குத் தோலில் அரிப்பையும் கிளப்பும். ரூட்டரை நிறுத்திய பிறகும் வேக்கத்தைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், முகக்கவசத்தை அதற்கப்புறம் கழற்றுங்கள்.