மாறுதலும் மாற்றுதலும்: கரியமில வாயுவிலிருந்து பிளாஸ்டிக்

'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. இலக்கண வகுப்பில் நாம் கற்பிக்கும் இவ்வேறுபாடு வேதியியலிலும் பொருளுடையது. கரியமில வாயு பிளாஸ்டிக்காக 'மாறுகிறது' என்று மாணவர் ஒருவர் கட்டுரையில் எழுதியிருந்தார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருட்பிழை உண்டு. அவ்வாயு எளிதில் தானாக மாறுவதன்று.

அது கரி எரிந்து முடிந்தபின் எஞ்சுவது. அடுப்புச் சாம்பலைப் போலத் தன் ஆற்றலையெல்லாம் கொடுத்துவிட்ட பொருள். (பெயரைக் 'கரியம் இல' எனப் பிரித்து, கரி இல்லாத வாயு என்று பொருள் கொண்டவர்களையும் கண்டிருக்கிறேன். கரி, அமிலம் என்று பிரிப்பதே முறை.) அதனை மீண்டும் எரிபொருளாக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும். இலை அதைச் சூரிய ஒளியால் செய்கிறது. ஐஸ்லாந்தில் 2012இல் தொடங்கப்பட்ட ஜார்ஜ் ஓலா ஆலையில், புவிவெப்ப மின்நிலையத்திலிருந்து வந்த கரியமில வாயுவோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மெத்தனால் தயாரித்தனர். ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்தது மின்சாரம். அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்திருக்குமானால், பிடித்த வாயுவைவிட வெளியேறிய வாயுவே மிகுந்திருக்கும்.

பிளாஸ்டிக்கிற்கு வழி வேறு. ஜப்பானிய வேதியியலாளர் ஷோஹெய் இனோவேயும் அவர்தம் குழுவினரும் 1969இல் அதனை வெளியிட்டனர். ஈப்பாக்சைடு என்பது இரு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இறுகப் பிணைந்த முக்கோண வளையம். வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல, அவிழ்வதற்குக் காத்திருப்பது அது. துத்தநாகம் கொண்ட வினையூக்கி அவ்வளையத்தைத் திறக்கும்போது, கரியமில வாயு தன் அணுக்களில் ஒன்றையும் இழக்காமல் சங்கிலிக்குள் சேர்ந்துவிடுகிறது. வளையம், வாயு, வளையம், வாயு என அடுத்தடுத்துத் தொடுக்கப்படும் அச்சங்கிலியே பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக். இங்கே ஆற்றலைத் தருவது வளையம். அவ்வளையமோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. செய்தித் தலைப்புகள் இதைச் சொல்வதில்லை.

புரோப்பிலீன் ஆக்சைடின் மூலக்கூறு எடை 58. கரியமில வாயுவினது 44. ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் வாயுவின் பங்கு 43 விழுக்காடு. உலகம் ஓராண்டில் செய்யும் பிளாஸ்டிக் ஏறத்தாழ 40 கோடி டன். அத்தனையும் இவ்வகையே என்று கொண்டாலும் அதில் அடங்கும் வாயு 17 கோடி டன். நாம் ஆண்டுதோறும் வெளியிடுவதோ 3,500 கோடி டன்னுக்கும் மேல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. புவி வெப்பமாதலுக்கு இதுவே மருந்து என்று மாணவர்க்குச் சொல்லுதல் தகாது.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி வில்லைகளுக்கும் குறுவட்டுகளுக்கும் உதவும் கடினமான பாலிகார்பனேட்டைச் செய்யப் பழைய முறையில் ஃபாஸ்ஜீன் தேவை. முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற நச்சுவாயு அது. ஜப்பானின் அசாகி கசெய் நிறுவனம் உருவாக்கி, 2002இல் தைவானில் ஆலை அளவில் நடைமுறைக்கு வந்த முறையில், ஃபாஸ்ஜீன் இருந்த இடத்தில் கரியமில வாயு அமர்ந்தது. ஆலைத் தொழிலாளர் அந்த நச்சின் அருகே நிற்க வேண்டியதில்லை.